மெட்டல் பிரேம் பிஸ்டல், பலமான தோட்டா: வாங்குவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

பாலிமர் பிரேம், அதாவது பிளாஸ்டிக்கில் வார்த்த துப்பாக்கி உடல், வந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. இருந்தும் 10 மி.மீ., .45 (அங்குலம்) என்று பெரிய தோட்டாக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "இரும்புல ஏதாவது சொல்லுங்க" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உரிமம் வாங்கி, சட்டப்படி சுடுதளத்திலோ வேட்டையிலோ பயன்படுத்துபவர்களை மனதில் வைத்து எழுதியது. எந்தக் காலிபர் (தோட்டா அளவு) அனுமதி, எது தடை என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு மேலே படியுங்கள்.

பலமான தோட்டா என்று எதைச் சொல்கிறீர்கள்?

சில எண்களைப் பார்த்தால் புரிந்துவிடும். 9 மி.மீ. பாராபெல்லத்தில் 8 கிராம் குண்டு வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகும். அதன் ஆற்றல் கிட்டத்தட்ட 490 ஜூல். .45 ஏசிபியில் குண்டின் எடை 230 கிரெயின், அதாவது 15 கிராமுக்கு ஒட்டி. வேகம் 250 மீட்டர்தான். ஆற்றலைக் கணக்குப் போட்டால் சுமார் 470 ஜூல். ஆக, காகிதத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் கையில் ஒன்று அல்ல. கை உணர்வது குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தத்தை. அதில் .45 மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

முழு வெடிமருந்து போட்ட 10 மி.மீ. ஆட்டோ வேறு வகை. 1983-இல் நார்மா நிறுவனம் செய்த முதல் தோட்டாவில் 200 கிரெயின் குண்டு வினாடிக்கு 366 மீட்டரில் போனது. ஆற்றல் 870 ஜூலுக்குப் பக்கம். .357 சிக் அதற்குக் கொஞ்சம் கீழே, சுமார் 680. .44 மேக்னம் 1,300-ஐத் தொடும். .50 ஏஇ அதற்கும் மேலே. என் கணக்கில் .45-இல் தொடங்கி மேலே போவதெல்லாம் இந்தப் பக்கத்துக்குள் வரும்.

9 மி.மீ. போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே 10 மி.மீ., .40 என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு 2010-களின் நடுவில் 9 மி.மீ.க்குத் திரும்பியது. கரடி திரியும் காட்டில் நடப்பவர், கைத்துப்பாக்கியால் வேட்டையாடுபவர், இல்லை இந்த உதைப்பே பிடித்துப்போனவர், இவர்களுக்குத்தான் மேலே சொன்ன தோட்டாக்கள். "பிடித்திருக்கிறது" என்பதும் நியாயமான காரணம்தான். அதற்கு வேறு காரணம் கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

10 மி.மீ. தோட்டா என்று எழுதியிருந்தும் சிலது சாதுவாக இருக்கிறதே?

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பரின் ஆலோசனையோடு, செக் நாட்டு சிஇசட் 75-ஐ அடியொற்றிச் செய்யப்பட்ட பிரென் டென் பிஸ்டலுக்காகப் பிறந்தது இந்தத் தோட்டா. அந்தத் துப்பாக்கியை மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) இல்லாமலேயே பலருக்கு அனுப்பிவைத்த கம்பெனி 1986-இல் திவாலானது. அடுத்த வருடம் கோல்ட் நிறுவனம் டெல்டா எலைட்டைக் கொண்டுவந்ததால் தோட்டா பிழைத்தது.

இதற்கிடையே 1986 ஏப்ரலில் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ ஏஜென்ட்கள் இறந்தார்கள். அதன்பின் எஃப்பிஐ புதிய தோட்டா தேடி 10 மி.மீ.யைப் பிடித்தது. பிடித்ததும் மருந்தைக் குறைத்தது. 180 கிரெயின் குண்டு, வினாடிக்கு 300 மீட்டருக்கும் கீழே. இந்த வேகத்துக்கு மருந்து அடைக்கும் பித்தளைக் கூடு இவ்வளவு நீளம் எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைக் குட்டையாக்கியது. 1990-இல் .40 வந்தது அப்படித்தான்.

குறைத்த மருந்து வகை இன்றும் கடைகளில் ஓடுகிறது. பெட்டியில் குண்டின் எடையும் வேகமும் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் "10 மி.மீ. ஒன்றும் பெரிதாக உதைக்கவில்லை" என்று முடிவுகட்டி, அதற்கேற்ப லேசான துப்பாக்கி வாங்கிவிட்டுப் பிறகு முழுப் பலத் தோட்டாவைப் போட்டுத் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஃகா, அலுமினியமா?

"மெட்டல் பிரேம்" என்று ஒரே பெயரில் விற்றாலும் இரண்டும் இரண்டு ஜாதி.

அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே அளவுள்ள 1911 வகைத் துப்பாக்கியில் (1911-இல் வந்த அமெரிக்க ராணுவ பிஸ்டலின் வடிவம்) எஃகு பிரேமுக்குப் பதில் அலுமினியம் போட்டால் கால் கிலோ வரை குறையும். இடுப்பில் நாள் முழுக்கச் சுமப்பவருக்கு அது பெரிய நிம்மதி. கோல்ட் கமாண்டர் 1950-ஐ ஒட்டியே அலுமினிய பிரேமோடு வந்துவிட்டது. பெரெட்டா 92 அலுமினியம்தான், ராணுவத்திலேயே பல வருடம் உழைத்தது. அலுமினியம் என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பெரெட்டாவுக்குள் போனது 9 மி.மீ. நம் விஷயம் வேறு. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் ஓடி பிரேமில் மோதும். எஃகுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு வரம்புக்குக் கீழே உள்ள அடியை எத்தனை லட்சம் தடவை வாங்கினாலும் அசராது. அலுமினியத்துக்கு அந்த வரம்பு கிடையாது. சின்ன அடியும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், என்றைக்காவது ஒரு நாள் விரிசல் விழும். அது பத்தாயிரம் தோட்டாவிலா ஐம்பதாயிரத்திலா என்பது அடியின் பலத்தைப் பொறுத்தது.

இன்னொன்று மேல்பூச்சு. அலுமினியத்தின் மேல் இருக்கும் கடினமான அனோடைஸ் படலம் தலைமுடியைவிட மெல்லியது. அது இருக்கும்வரை ராஜா. ஓரிடத்தில் கிழிந்துவிட்டால் அடியில் இருக்கும் மெத்தான உலோகம் வேகமாகத் தேயும்.

என் தீர்ப்பு: .45-க்கு அலுமினியம் ஓகே. முழுப் பல 10 மி.மீ.க்கு எஃகு. சிக் சாயர் பி220 பல வருடம் அலுமினிய பிரேமோடு வந்த துப்பாக்கி. அதையே 10 மி.மீ.க்கு மாற்றியபோது துருப்பிடிக்காத எஃகு பிரேம் போட்டார்கள். செய்பவர்களே அப்படி நினைத்திருக்கிறார்கள்.

பாலிமர் 10 மி.மீ. தாங்காதா?

நன்றாகத் தாங்கும். கிளாக் 20 பல வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பாலிமர் லேசாக வளைந்து கொடுக்கும், விரிசல் பற்றிய கவலை குறைவு. "மெட்டல்தான் உறுதி" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். இரும்பு வாங்குவது எடைக்காக.

எடை உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் காட்டுமா?

காட்டும். ஒரே தோட்டாவுக்கு, பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு நேர் எதிராகப் போகும். 1.1 கிலோ எஃகுத் துப்பாக்கியில் சுடும் தோட்டாவை 800 கிராம் துப்பாக்கியில் சுட்டால் உதைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக ஏறும். முதல் மேகசினில் இது தெரியாது. ஐந்தாவது மேகசினில் கட்டை விரல் அடி சிவந்திருக்கும், டிரிகரை அமுக்கும் முன்பே கண் மூடும், குண்டு இலக்குக்குக் கீழே விழும். உதைப்புக்குப் பயந்து முன்கூட்டியே கையைத் தாழ்த்தும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்க மாதக்கணக்கில் ஆகும். நான் உரித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள எதையும் முழுப் பல 10 மி.மீ.யில் நான் பரிந்துரைப்பதில்லை. எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். குழலுக்கு அடியில் முன்பக்கம் எடை கூடினால் வாய் தூக்குவது குறையும். பிரேமின் முன்பகுதி நுனிவரை நீண்டிருக்கும் மாடல்கள் பிடிப்பதற்கு இதமாக இருப்பது அதனால்தான்.

எந்த மாடல்களைப் பார்க்கலாம்?

1911 வகை: மெலிந்த பிடி, நேராகப் பின்னால் போகும் குறுகிய டிரிகர், நூற்றாண்டு கடந்த வடிவம். .45-க்காகவே பிறந்தது. 10 மி.மீ.யில் கோல்ட், டேன் வெஸ்ஸன், ரூகர், ஸ்பிரிங்ஃபீல்ட் என்று பலர் செய்திருக்கிறார்கள். மேகசினில் எட்டு, ஒன்பது தோட்டாதான்.

சிஇசட் வகை: ஸ்லைடு பிரேமின் தண்டவாளத்துக்கு உள்ளே ஓடும், அதனால் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து உட்காரும். .45-இல் சிஇசட் 97 பி, 10 மி.மீ.யில் இத்தாலியின் டான்ஃபோலியோ. இரண்டும் எஃகில் கிடைக்கும். டான்ஃபோலியோவில் ஒரு டஜனுக்கு மேல் தோட்டா அடங்கும். எனக்குப் பிடித்தது இந்தக் குடும்பம்தான், ஆனால் பிடி பருமன்.

சிக் பி220: மேலே சொன்னேன். கனமானது, சிக்கலில்லாதது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1006: 1990-இல் வந்த துருப்பிடிக்காத எஃகுக் கட்டை. இப்போது செய்வதில்லை. நல்ல நிலையில் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள், ஆனால் உதிரி பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

டெசர்ட் ஈகிள்?

கேட்காமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். இரண்டு கிலோ எடை. மேலே பட்டியலிட்ட பிஸ்டல்களில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்து பின்னால் நகர்ந்து, பிறகு குழல் சாய்ந்து பிரியும். இதில் அப்படியில்லை. குழல் அசையாது. குழலில் இருக்கும் சிறு துளை வழியாக வாயு வந்து பிஸ்டனைத் தள்ளும், சுழலும் போல்ட் திறக்கும். ரைபிளின் வேலையைக் கைத்துப்பாக்கிக்குள் திணித்தது மாதிரி. அதனால்தான் .44 மேக்னமும் .50-யும் இதில் ஓடுகிறது.

அந்தத் துளைதான் இதன் பலவீனமும். செம்பு உறை போடாத ஈயக் குண்டை இதில் சுடக்கூடாது, ஈயம் வழிந்து துளையை அடைத்துவிடும். மருந்து குறைந்த தோட்டாவும் ஆகாது, தளர்ந்த பிடியும் ஆகாது. உள்ளங்கை பெரிதாக இல்லாவிட்டால் டிரிகரை எட்டுவதே சிரமம். சுடுதளத்தில் நண்பர்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு மேகசின் சுட்டுப் பார்க்கத் தோதான துப்பாக்கி. அதற்காகவே ஒன்று வாங்கி வைத்திருப்பவரை எனக்குத் தெரியும், அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

என் கை சிறியது. என்ன செய்ய?

முதலில் வெற்றுத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு பிடித்துப் பாருங்கள். குழல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிடியில் ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை டிரிகரில் படுகிறதா? பட்டால் சரி. எட்டுவதற்காகக் கையைத் திருப்ப வேண்டியிருந்தால், உதைப்பு மணிக்கட்டில் இறங்காமல் கட்டை விரல் மூட்டில் இறங்கும். 9 மி.மீ.யில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், 10 மி.மீ.யில் முடியாது.

1911-இல் குட்டை டிரிகரும் மெல்லிய பிடிப் பலகையும் மாற்றிக்கொள்ளலாம். இரட்டை வரிசை மேகசின் உள்ளதில் பிடியின் சுற்றளவைப் பெரிதாகக் குறைக்க முடியாது.

சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா?

சுடுதளத்துக்கும் வேட்டைக்கும் சிங்கிள் ஆக்‌ஷன். ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) முன்பே ஏறியிருக்கும், டிரிகர் அதை விடுவிக்க மட்டும் செய்யும், அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். டபுள் ஆக்‌ஷனில் முதல் இழுப்பு ஹாமரையும் ஏற்ற வேண்டும் என்பதால் நீளம், அடுத்தவை குட்டை, இரண்டையும் பழக வேண்டும். ஏற்கனவே ஒன்றில் கை பழகியிருந்தால் அதிலேயே இருங்கள்.

ரேம்ப், சேம்பர் என்று பேசுகிறார்களே, அது என்ன விவகாரம்?

மேகசினிலிருந்து தோட்டா மேலேறிக் குழலுக்குள் போகும் சரிவுதான் ரேம்ப். பழைய 1911 வடிவத்தில் சரிவின் பெரும்பகுதி பிரேமிலேயே வெட்டப்பட்டிருக்கும். எஃகு பிரேமில் பிரச்சினை இல்லை. அலுமினிய பிரேமில், வாய் குழிந்த குண்டுகளின் கூர்விளிம்பு ஒவ்வொரு முறையும் அந்தச் சரிவைச் சுரண்டும். நண்பர் ஒருவரின் .45-ஐக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுத்த சரிவின் நடுவில் நகத்தால் கீறியது போல் வெள்ளையாக ஒரு பள்ளம், பழுப்பு அரிசி நீளம். தோட்டா அதில் மூக்கை இடித்து நின்றுகொண்டிருந்தது. மேகசின்தான் கெட்டுவிட்டது என்று அவர் மூன்று மேகசின் மாற்றியிருந்தார்.

இதற்குத் தீர்வு, சரிவு முழுவதும் குழலோடே சேர்ந்து வரும் வடிவம். அலுமினிய பிரேம் வாங்கினால் இதைக் கேட்டு வாங்குங்கள். 10 மி.மீ.யில் எந்த பிரேமானாலும் இதுதான் நல்லது, ஏனென்றால் இது தோட்டாக் கூட்டின் அடிப்பகுதியையும் நன்றாக அணைத்துப் பிடிக்கும். .45 ஏசிபியின் உச்ச அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). 10 மி.மீ.க்கு 37,500. அணைப்பு இல்லாத இடத்தில் பித்தளை பிதுங்கும். சுட்ட பிறகு காலிக் கூட்டை எடுத்து அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தொப்பை தட்டுப்பட்டால் அந்தத் தோட்டாவும் அந்தக் குழலும் பொருந்தவில்லை என்று பொருள். அந்தக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பக் கூடாது.

10 மி.மீ. துப்பாக்கியில் .40 தோட்டா சுடலாமா?

கூடாது. விட்டம் ஒன்றுதான், ஆனால் கூடு மூன்றரை மி.மீ. குட்டை. இந்தத் தோட்டாக்கள் கூட்டின் வாய் விளிம்பு சேம்பரின் முன்படியில் முட்டித்தான் நிற்கும். .40 அதை எட்டாது, கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் தொங்கிக்கொண்டு வெடிக்கும். "நான் நூறு சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர் எப்போதும் ஒருவர் இருப்பார். .40 குழலை வாங்கி மாற்றிக்கொண்டு சுடுங்கள்.

பெரிய ஸ்பிரிங் போட்டால் துப்பாக்கி அதிக நாள் வருமாமே?

பாதி உண்மை. ஸ்லைடை முன்னால் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங் இது. 1911-இல் .45-க்கு 16 பவுண்டு வழக்கம். 10 மி.மீ.க்கு 20-ஐ ஒட்டியோ மேலேயோ போடுவார்கள். பின்னால் போகும் அடி குறையும் என்று நானும் ஒருமுறை 24 போட்டேன். பின்னால் போகும் அடி குறைந்தது, முன்னால் வரும் அடி கூடியது. ஸ்லைடு மூடும்போது குழல் வாய் தலை குனிந்தது. மேகசின் தோட்டாவை மேலே தூக்குவதற்குள் ஸ்லைடு வந்துவிட, வாரம் ஒரு தடவையாவது தோட்டா சிக்கியது. மறுபடி 20-க்கு வந்தேன், சரியாகிவிட்டது.

எத்தனை பவுண்டு ஸ்பிரிங் வேண்டும் என்பதைக் கூடு சொல்லும். சுட்ட கூடுகள் இரண்டு மூன்று மீட்டரில் குவியலாக விழுந்தால் ஸ்பிரிங் சரி. பத்து மீட்டர் தள்ளிப் போய்ப் பொறுக்க வேண்டியிருந்தால் பலவீனம், இல்லை களைத்துவிட்டது. 10 மி.மீ.யில் 2,000 தோட்டாவுக்கு ஒருமுறை நான் மாற்றிவிடுகிறேன். துப்பாக்கியில் மிக மலிவான பாகங்களில் ஒன்று அது, பிரேமின் ஆயுளைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

பழையது வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக. எஃகுத் துப்பாக்கியில் பழையதுதான் லாபம். பிடிப் பலகையின் கீறலை எல்லாம் விட்டுவிடுங்கள்.

கழற்றச் சொல்லி, பிரேமில் ஸ்லைடு வந்து மோதும் இடத்தைப் பாருங்கள். பளபளப்பு இருந்தால் சகஜம். உலோகம் காளான் போல விரிந்து விளிம்பு தட்டினால் பலவீன ஸ்பிரிங்கோடு நிறையச் சுட்டிருக்கிறார்கள். தண்டவாளம் நெடுக நகத்தை ஓட்டுங்கள், எங்காவது தடுக்கினால் அங்கே டார்ச் அடியுங்கள். ஆரம்ப கால டெல்டா எலைட்களில் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பிடிக்கும் நெம்புகோல்) துளைக்கு மேலே தண்டவாளத்தில் ஒரு மெல்லிய பாலம் உண்டு, அங்கே விரிசல் விடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வேலை கெடாது. பின்னாளில் கோல்ட் அந்தப் பாலத்தையே வெட்டி எடுத்துவிட்டது. அலுமினியத்தில் வேறு எங்கே விரிசல் கண்டாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

1911 என்றால் இன்னொரு சோதனை. துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை பாருங்கள். ஹாமரை ஏற்றி, கட்டை விரல் பூட்டைப் போட்டு, டிரிகரை அழுத்தி விடுங்கள். ஹாமர் விழக்கூடாது. பிறகு பூட்டை எடுத்துவிட்டு, காதருகே வைத்து ஹாமரை மெல்லப் பின்னால் இழுங்கள். சத்தமே வரக்கூடாது. சின்னதாக "டிக்" என்று கேட்டால், பூட்டு போட்டிருந்தபோதே ஹாமரைப் பிடித்து வைக்கும் சியர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தேய்த்து டிரிகரை மெத்தாக்கியவர்கள் கைப்பட்ட துப்பாக்கிகளில் இந்த "டிக்" அடிக்கடி கேட்கும்.

முதல் துப்பாக்கியாக இதை வாங்கலாமா?

வேண்டாம். .22-இல் ஆரம்பியுங்கள்.

காதுக்கு என்ன போடுவது?

உள்ளே செருகும் ஃபோம் அடைப்பானும் மேலே மூடும் மஃப்பும், இரண்டும். 140 டெசிபலுக்கு மேல் ஒரே ஒரு சத்தம்கூடக் காதைக் கெடுக்கலாம், பிஸ்டல் எல்லாமே அதைத் தாண்டும். கூரை போட்ட சுடுதளத்தில் இன்னும் மோசம். கண்ணாடியும் கட்டாயம், சூடான கூடு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

வாங்கிவிட்டேன். அடுத்தது?

கையேட்டை முழுக்கப் படியுங்கள், துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள், தோட்டாவை வேறு பெட்டியில் வையுங்கள். அப்புறம் சாதாரண மருந்துத் தோட்டாவில் இருநூறு சுடுங்கள். அதில் எத்தனை சிக்கல், எந்த மேகசினில் என்று எழுதி வையுங்கள். மேகசின்களுக்கு அடியில் மார்க்கரால் எண் போட்டுவிட்டால் குற்றவாளி இரண்டாம் நாளே சிக்கிவிடும். முழுப் பலத் தோட்டாவை அதற்குப் பிறகு பிரியுங்கள், முதல் நாள் ஒரு பெட்டிக்கு மேல் வேண்டாம்.